இல்லாத கிருமி

போன வாரம் ஷமீமிடம் போனில் கத்திவிட்டேன். பாவம், அந்தப் பெண் செய்த குற்றம் ஒன்றுமில்லை. நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்த லேப் டெக்னீஷியன் அவள். பழைய வண்ணாரப்பேட்டைப் பெண், படபடவென்று பேசுவாள், வேலையில் சுத்தம். எங்கள் மருத்துவமனையில் வயிற்றுப் புற்றுநோய்க்காரர்களுக்காகத் தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம் அடிக்கிறார்களாம். இப்போதெல்லாம் ரத்தப் பரிசோதனை முடிவு நேராக நோயாளியின் செல்போனுக்கே போய்விடுகிறது. அதிலிருக்கும் எண்களைப் பார்த்துவிட்டுச் சனங்கள் பயந்துபோய் லேப் வாசலில் வந்து நிற்கிறார்கள். அதனால் ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு வரி விளக்கம். சி.ஆர்.பி. என்ற பரிசோதனைக்கு எழுதியிருந்ததை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள்.

"'உடலில் உள்ள கிருமியின் அளவைக் காட்டுவது.' சரியா கீதுங்களா, சார்?"

நான் கத்தியது அப்போதுதான். கிழித்துப் போடு என்றேன். எழுதியவன் எவன் என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

"இன்னா சார், இதுக்குப் போயி இவ்ளோ டென்ஷன் ஆவுறீங்க? இந்த வார்த்த வேணான்னா வேற ஒண்ணு குடுங்க, போட்டுக்கினு போறோம்."

வேறு வார்த்தை என்னிடம் இல்லை. வேலை பார்த்த காலம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை ஏன் வேண்டாம் என்று எனக்குத் தெரியும். போனில் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

நான் கொருக்குப்பேட்டைக்காரன். ரயில்வே கேட் திறக்கக் காத்துக் காத்தே பாதி ஆயுசு போனது என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வோம், நானும் அதில் சேர்த்தி. டிப்ளமா படிப்பில் கற்றது கை நடுங்காமல் ஊசி குத்துவதும் கண் வலிக்காமல் மைக்ராஸ்கோப் பார்ப்பதும்தான். மற்றதையெல்லாம் ராயபுரத்தில், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கும் அந்த அறக்கட்டளை மருத்துவமனைதான் சொல்லிக்கொடுத்தது. பெயர் வேண்டாம். காலையில் வார்டு வார்டாகப் போய் ரத்தம் எடுப்பேன், பிறகு லேபில் உட்கார்ந்து அதைச் சோதிப்பேன். அதனால் எனக்கு வைத்த பெயர் கொசு. நான் வார்டுக்குள் கால் வைத்ததும் ஏதாவது ஒரு கட்டிலிலிருந்து குரல் வரும்: "கொசு வந்துருச்சுபா, அல்லாரும் கைய நீட்டு." என் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

சி.ஆர்.பி. என்றால் என்னவென்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். உடம்புக்குள் எங்காவது நெருப்புப் பற்றினால் கல்லீரல் ஒரு புரதத்தை ரத்தத்தில் கொட்டும். அதன் அளவுதான் இந்த எண். நெருப்பைக் கிருமியும் வைக்கலாம், கட்டியும் வைக்கலாம். நெருப்பு எரிகிறது என்றுதான் எண் சொல்லும், யார் வைத்தது என்று சொல்லாது. இன்றைக்கு மெஷினில் குழாயைச் செருகினால் எண் வந்து விழுகிறது. அந்தக் காலத்தில் கறுப்புக் கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு ரத்தநீர் விட்டு, பக்கத்தில் ஒரு சொட்டு பால் போன்ற திரவம் விட்டு, குச்சியால் கலந்து, தட்டைக் கையில் வைத்து மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்க்க வேண்டும். நெருப்பு இருந்தால் கறுப்புத் தட்டில் வெள்ளை வெள்ளையாகக் குருணை கட்டும். பிறகு ரத்தநீரில் உப்புநீர் சேர்த்து நீர்க்கச் செய்து மறுபடி, மறுபடி. எவ்வளவு நீர்த்த பிறகும் குருணை கட்டுகிறதோ அவ்வளவு பெரிய நெருப்பு.

எங்கள் பெரிய டாக்டர் வயிற்றுப் புற்றுநோய் முற்றிப்போய் வருகிறவர்களுக்கு மூன்று விஷயம் பார்க்காமல் மருந்து எழுத மாட்டார். ஒன்று இந்த சி.ஆர்.பி. இரண்டாவது ஆல்புமின், அதாவது உடம்பின் புரதக் கையிருப்பு. மூன்றாவது வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் என்ற சாதி ஏறியிருக்கிறதா, லிம்போசைட் என்ற சாதி இறங்கியிருக்கிறதா என்பது. முதலாவது மேலே போய், இரண்டாவது கீழே போய், மூன்றாவதும் அப்படியே சாய்ந்திருந்தால், கட்டி உடம்பையே தின்று எரிகிறது என்று அர்த்தம். அந்த ஆள் பெரிய மருந்தை, அதாவது கீமோவை, தாங்க மாட்டார். அதிக காலமும் இல்லை. ஸ்கேன் படம் நோய் எங்கே இருக்கிறது என்று காட்டும், இந்த மூன்றும் ஆள் எவ்வளவு மிச்சம் என்று காட்டும். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், வார்டு நர்ஸ்களுக்கும் தெரியும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியாது.

பெரிய டாக்டரைத் திட்டுவதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவரைத் திட்ட வாய் வராது, அதுதான் என் எரிச்சலே. நோயாளியிடம் அவர் நின்றுகொண்டு பேசி நான் பார்த்ததில்லை. கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பிறகுதான் பேச்சை ஆரம்பிப்பார். மீன் கூடை தூக்குகிறவளின் வெடித்த பாதம், எண்ணூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்தவனின் கரி ஏறிய பாதம், எதுவானாலும் சரி. டாக்டர் காலைத் தொடுவதா என்று பதறி இழுத்துக்கொள்பவர்களிடம், "இருக்கட்டும்மா, கால் சூடா இருக்கான்னு பாக்கறேன்" என்பார். அவர் கை பட்டாலே பாதி நோய் போய்விடும் என்று அந்தப் பக்கமெல்லாம் பேச்சு. அவர் வாயிலிருந்து 'முடியாது' என்று ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

அவரிடம் ஒரு தனி அகராதி இருந்தது. புற்றுநோய் என்றால் 'வயித்துல புண்ணு'. கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்றால் 'பக்கத்துலயும் கொஞ்சம் புண்ணு'. இந்த நெருப்பு எண்ணுக்குத்தான் அவருக்கு வார்த்தை அகப்படவில்லை. முதலில் புத்தகத்தில் இருக்கிற மாதிரி 'அழற்சி' என்று சொல்லிப் பார்த்தார். எங்கள் ஊரில் வாழைப்பழமே வாயப்பயம்தான், அழற்சி மட்டும் தப்புமா? "எனுக்கு அயற்சியெல்லாம் ஒண்ணும் இல்ல சார், ஷோக்காத்தான் கீறேன்" என்று ஒரு லோடுமேன் எழுந்து நடந்தே காட்டினார். களைப்பு என்று நினைத்து வீட்டுக்காரர்கள் குளுக்கோஸ் மாவு டப்பா டப்பாவாகக் கரைத்துக் கொடுத்தார்கள். அடுத்ததாக 'வீக்கம்' என்றார். உடனே எல்லோரும் போர்வையை விலக்கி எங்கே வீக்கம் என்று தேடினார்கள். புரதம் குறைந்த கால் வேறு வீங்கித்தான் இருந்தது. அதற்கு எண்ணெய் தடவி உருவினார்கள். பிறகு 'உள்சூடு' என்று சொல்லிப் பார்த்தார். ஒரு மகன் தன் அப்பாவை வீட்டுக்கு அழைத்துப் போய் நல்லெண்ணெய் தேய்த்துத் தலை முழுகவைத்து, சளி கட்டி, மறுபடி தூக்கிக்கொண்டு வந்தான்.

கடைசியில் ஒருநாள் 'கிருமி' என்று சொன்னார். வார்டே நிம்மதியானது. கிருமி என்றால் எல்லோருக்கும் தெரியும். மருந்து போட்டால் செத்துப்போகும். "உடம்புல கிருமி கொஞ்சம் அதிகமா இருக்கு, அது குறையட்டும், அப்புறம் பெரிய மருந்து போடலாம்" என்பார். கேட்டவர்கள் முகம் தெளிந்துவிடும். அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் அவர் அறையில் சொல்லியும் பார்த்தேன். "கிருமியே இல்லாத ஆளுக்குக் கிருமின்னு சொல்றோமே சார்."

அவர் கோபப்படவில்லை. கோபமே வராத மனிதர். "உங்களுக்கு வேற வார்த்தை தோணினா சொல்லுங்க, நாளையிலேர்ந்து அதையே சொல்றேன்" என்றார். எனக்கு ஒன்றும் தோணவில்லை. அத்தோடு திருவொற்றியூரிலிருந்து வந்த ஒரு அம்மாவை வேறு நினைவுபடுத்தினார். அந்த அம்மாவுக்கும் மூன்று எண்களும் மோசமாகத்தான் இருந்தன. தேடிப் பார்த்ததில் முதுகுக்குக் கீழே ஒரு சீழ்க்கட்டி அகப்பட்டது. அதைக் கீறி மருந்து போட்டதும் எண் மடமடவென்று இறங்கியது. பெரிய மருந்தையும் தாங்கி, நாங்கள் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு நீண்ட நாள் உயிரோடு இருந்தாள். அவளுக்கு இருந்தது நிஜமான கிருமி. அந்த ஒருத்தியை வைத்துக்கொண்டு பெரிய டாக்டர் மற்ற எல்லோரிடமும் நம்பிக்கையாகவே அந்த வார்த்தையைச் சொன்னார்.

அப்புறம் கொரோனா வந்தது. அது வந்து போனதில் எங்கள் பக்கம் மாறாதது எதுவுமில்லை, கிருமி என்ற சொல்லும் மாறிவிட்டது. அதற்கு முன்னால் கிருமி என்றால் மாத்திரைக்குச் சாகிற பூச்சி. அதற்குப் பின்னால் கிருமி என்றால் தகரம் அடித்து மூடிய தெரு, கண்ணாடி வழியாகப் பார்த்த முகம், துணியில் சுற்றித் தூரத்தில் காட்டிய பிணம். இது வார்டு கூட்டும் அம்மாவுக்குக்கூடத் தெரியும். பெரிய டாக்டருக்குத் தெரியவில்லை. அவர் பழைய வார்த்தையையே அதே மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் எட்டியப்பன் வந்தார். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர், டிரைவர் எட்டியப்பன் என்றால் துறைமுகத்தில் தெரியாதவர் இல்லை. கறுத்த, எலும்பு பெருத்த உடம்பு. சோறு இறங்கவில்லை, இறங்கினாலும் நிற்கவில்லை என்று வந்தார். உள்ளே குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையின் பாதியைக் கட்டி பிடித்திருந்தது, கல்லீரலிலும் இருந்தது. ரத்தத்தை நான்தான் சோதித்தேன். மூன்று எண்களும் எந்தப் பக்கம் சாயக்கூடாதோ அந்தப் பக்கம் சாய்ந்திருந்தன. சீழ்க்கட்டி இருக்கிறதா என்று பெரிய டாக்டர் தலை முதல் கால் வரை தேடினார். எங்கும் இல்லை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டார், கண்ணாடியைக் கழற்றினார், பாதத்தைப் பிடித்தார். "எட்டியப்பன், உடம்புல கிருமி ஜாஸ்தியா இருக்கு" என்றார். நான் பக்கத்துக் கட்டிலில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை நான் ஊசி குத்தும்போதும் எட்டியப்பன் கேட்பார். "இன்னா நைனா, கிருமி இன்னிக்கு எவ்ளோ கீது? எறங்கிச்சா, ஏறிச்சா?" மீன் ஏலத்தில் விலை கேட்கிற தோரணைதான். நானும் எண்ணைச் சொல்வேன். "அட கஸ்மாலம், இன்னும் ஏறுதா" என்று சிரிப்பார். எண்ணைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது, அவர் மகனோ மருமகனோ லேப் வாசலில் வந்து கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள்.

ஒருநாள் அவர் மனைவி தேசம்மாள் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். எட்டியப்பனின் தட்டிலும் டம்ளரிலும் சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்திருந்தது. அவள் முகத்தில் மாஸ்க். கஞ்சியைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு எட்டிப்போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள். எட்டியப்பனும் மாஸ்க்கை இறக்கிக் குடித்துவிட்டு உடனே மேலே ஏற்றிக்கொண்டார். தன் டம்ளரைத் தானே கழுவி, தனியாகக் கவிழ்த்து வைத்தார். கட்டிலுக்கு அடியில் கறுப்பு நூல்கண்டு ஒன்று கிடந்தது, பாதி திரித்த கயிறு அவர் மடியில். வலை முடிந்த விரல்கள் அல்லவா, சும்மா இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

"யாருக்குக் கயிறு திரிக்கிறீங்க?" என்றேன்.

"பொறக்கப் போற கொயந்தைக்கு. அர்ணாக்கயிறு. எம்பொண்ணு காமாச்சிக்குக் கண்ணாலம் ஆகி எத்தினி வர்சம் கயிச்சு வயித்துல தங்கிச்சு தெரியுமா? என் கையாலதான் கட்டுவேன்னு சொல்லிகீறேன்." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கிருமி எறங்கட்டும், அப்பால கட்டுவேன்."

தேசம்மாள் ஜன்னலோரத்திலிருந்தே மீதியைச் சொன்னாள். தலைப்பிரசவம், தாய் வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும். இடையில் எட்டியப்பனை வீட்டுக்கு அனுப்பியிருந்த நாட்களில், வளைகாப்பு முடிந்து காமாட்சி வந்தும் விட்டாளாம். கிருமி இருக்கிற வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி எப்படி இருப்பது என்று எட்டியப்பனே மருமகனைக் கூப்பிட்டு அவளை எண்ணூருக்குத் திருப்பி அனுப்பிவிட்டாராம். "அழுதுகினே போச்சு சார் பொண்ணு. மொதப் புள்ளைக்கு ஆத்தா வூடு இல்லாத பூட்டுச்சு."

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னேன். "அம்மா, அது ஒட்டுற கிருமி இல்ல. யாருக்கும் ஒட்டாது."

"அப்ப இன்னா கிருமி?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் புற்றுநோய் என்ற அந்த இன்னொரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். அது பெரிய டாக்டர் சொல்ல வேண்டிய வார்த்தை. "கிருமியே இல்லம்மா" என்றேன்.

தேசம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா கீதே சாரு. பெரிய டாக்டரு கீதுங்கறாரு, நீ இல்லேங்கற. நீதான தெனிக்கும் ரத்தத்த எடுத்துகினு போயி கிருமி இவ்ளோ கீது அவ்ளோ கீதுன்னு நம்பரு சொல்லிகினு கீற?"

என் எண்ணே எனக்கு எதிர்ச்சாட்சியாகி நின்றது. நான் நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். தட்டில் வைத்த சிவப்புப் பொட்டைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்தார். மகளைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னபோது முகம் கறுத்துப்போனது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"இப்பவே போய் சொல்லிடறேன்" என்று எழுந்தார்.

"என்ன நோயின்னும் சொல்லிடுங்க சார்."

"அவர் அதைக் கேக்கலையே."

"கேக்கணும்னு தெரிஞ்சாத்தானே சார் கேப்பாரு?"

அவர் வார்டுக்கு நடந்தார். அதுதான் சொல்லியிருக்க வேண்டிய வேளை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சொல்லியிருந்தால் எட்டியப்பன் அழுதிருப்பார், தேசம்மாள் வார்டு அதிர மாரில் அடித்துக்கொண்டிருப்பாள், ஆனால் அந்த மாஸ்க் கழன்றிருக்கும். பெரிய டாக்டர் பாதி உண்மையோடு போனார். ஸ்டூல், கண்ணாடி, பாதம். எல்லாம் எப்போதும் போல. "எட்டியப்பன், இந்தக் கிருமி யாருக்கும் ஒட்டாது. நீங்க மாஸ்க் போட வேண்டாம். பேரனோ பேத்தியோ, தாராளமா மடியில போட்டுக் கொஞ்சலாம். நான் சொல்றேன்." தன் மாஸ்க்கையும் கழற்றிக் காட்டினார். எட்டியப்பன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். கண் நிறைந்துவிட்டது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் காலை போனால் எட்டியப்பன் முகத்தில் மாஸ்க் அப்படியே இருந்தது. சிவப்புப் பொட்டு டம்ளரும் அப்படியே இருந்தது.

"டாக்டர்தான் கழட்டச் சொன்னாரே?"

எட்டியப்பன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார், பிறகு நினைத்துக்கொண்டு தானே கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். "பெரிய டாக்டரு தங்கமான மன்சன், நைனா. என் மன்சு ஒடையக்கூடாதுன்னு சொல்றாரு. காலப் புட்ச்சிகினு ஒரு டாக்டரு சொல்றாருன்னா அது எனுக்காவ சொல்ற பொய்யி. இது தெரியாதா? நாளிக்கு அந்தக் கொயந்தைக்கு ஒண்ணுன்னா அவரா வருவாரு? நான்தான உஷாரா இருக்கணும்."

இதைக் கேட்டுவிட்டு லேபுக்கு வந்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தேன். எதுவும் தெரியவில்லை. அந்த மனிதர் நல்லவர் என்று பெயர் எடுத்ததே இங்கே வினையாக வந்து நின்றது. பொய்யை நம்பினார்கள், உண்மையைச் சொன்னபோது அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். முரட்டு டாக்டர் யாராவது வந்து "ஒட்டாதுய்யா, போய்யா" என்று எரிந்து விழுந்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார். எனக்குப் பெரிய டாக்டர் மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அன்றைக்கு லேபில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

குழந்தை பிறந்தது. பெண். தீட்டுக் கழிந்ததும் காமாட்சி எண்ணூரிலிருந்து ஆட்டோவில் அப்பாவைப் பார்க்க வந்தாள். அதற்குள் எட்டியப்பன் வெறும் எலும்பாகியிருந்தார், வயிற்றில் மட்டும் நீர். அவள் குழந்தையோடு வார்டு வாசலில் தலை காட்டியதுதான் தாமதம், அந்த உடம்பில் அவ்வளவு குரல் எங்கே இருந்ததோ, எட்டியப்பன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கையை ஓங்கினார்.

"அங்கியே நில்லு! உள்ள வராத சொல்லிட்டேன்! கொயந்தைய ரெண்டு கையாலயும் தூக்கிக் காட்டு, அங்கேர்ந்தே காட்டு."

"நைனா, டாக்டரு ஒண்ணியும் ஆவாதுன்றாரு நைனா. ஒரே ஒரு வாட்டி தொடு நைனா."

"சொன்னாக் கேளு காமாச்சி. பேஜாரு பண்ணாத."

அவள் வாசலிலேயே நின்று குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள். கை வலிக்க வலிக்கப் பிடித்தாள். குழந்தை அழவில்லை, எங்கோ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டியப்பன் மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு தலையணைக்கு அடியிலிருந்து அந்தக் கறுப்புக் கயிற்றை எடுத்தார். மூன்று புரியாகத் திரித்து, நடுவில் வலைக்காரர்கள் போடும் சின்ன முடிச்சு ஒன்று. வேட்டி நுனியால் பிடித்து, ரத்தம் எடுக்க வந்து நின்ற என் தட்டில் போட்டார்.

"நைனா, உன் ரூம்ல அந்த ஸ்டீம் பொட்டி கீதே, கிருமியக் கொல்ல சாமானெல்லாம் வேவ வப்பியே. இத்த அதுல போட்டுக் குடு. என் கைப்பட்டது. வெந்தா கிருமி பூடும்ல?"

அவர் சொன்னது ஆட்டோகிளேவ். லேபின் கண்ணாடிச் சாமான்களை நீராவியில் வேகவைக்கும் பாத்திரம், பெரிய பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும். நான் அவரைப் பார்த்தேன். இந்தக் கயிற்றில் எதுவும் இல்லை ஐயா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நானும் இரக்கப்படுகிறவர்களின் கணக்கில் சேர்ந்துவிடுவேன், கயிறு குழந்தைக்குப் போகாது. எடுத்துக்கொண்டு போனேன். காகித உறையில் போட்டு, மேலே சோதனை நாடா ஒட்டி, ஆட்டோகிளேவில் வைத்தேன். சூடு சரியாக ஏறியிருந்தால் அந்த நாடாவில் கறுப்புக் கோடுகள் விழும். அது வேகும் வரை பக்கத்திலேயே நின்றேன். ஒன்றுமே இல்லாத ஒரு நூலை முறைப்படி, அழுத்தம் பார்த்து, நேரம் பார்த்து, சுத்தம் செய்தேன். என் சர்வீஸில் அவ்வளவு ஒழுங்காக நான் எதையும் வேகவைத்ததில்லை.

உறையைக் கொண்டுபோய்த் தூரத்திலிருந்தே எட்டியப்பனிடம் காட்டினேன். "கோடு வியுந்துருச்சா?" என்று கேட்டார். விழுந்துவிட்டது என்றேன். "அப்ப சரி. நீயே கொண்டுபோயிக் குடு." கையுறை போட்டுக்கொண்டு வாசலில் வைத்து உறையைப் பிரித்தேன். தேசம்மாள் கயிற்றை வாங்கிக் குழந்தையின் இடுப்பில் கட்டினாள். எட்டியப்பன் கட்டிலிலிருந்து, "இன்னும் கொஞ்சம் லூசா கட்டு, வயிறு நோவும்" என்றார். அதுதான் அவர் கட்டிய அரைஞாண்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. மூலக்கொத்தளத்தில் புதைத்தார்கள், நானும் போயிருந்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் எட்டியே நின்றார்கள். குழியைச் சுற்றி யாரோ பிளீச்சிங் பவுடரை வெள்ளையாகக் கொட்டியிருந்தார்கள். கடலில் அத்தனை வருடம் படகு ஓட்டிய ஆளின் மேல் கைப்பிடி மண் போடக்கூட மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு வந்தார்கள்.

பெரிய டாக்டர் பிறகு வேலையிலிருந்து நின்றார். வழியனுப்பு விழாவில் பேசிய எல்லோரும் அவருடைய அன்பைப் பற்றித்தான் பேசினார்கள். நானும் கை தட்டினேன், உண்மையாகத்தான் தட்டினேன். எட்டியப்பன் போன பிறகு, வேலையில் இருந்த வரைக்கும் அவர் யாரிடமும் கிருமி என்று சொல்லவில்லை. வேறு வார்த்தையும் சொல்லவில்லை. எண்ணைப் பார்ப்பார், தாளை மடித்து வைப்பார், பாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதனால்தான் ஷமீம், கத்தினேன். அழற்சி என்று போடுவாயோ நெருப்பு என்று போடுவாயோ, அது உங்கள் பாடு. என்ன போட்டாலும் ஊர் அதை வேறு ஏதோவாகத்தான் கேட்கும். ஆனால் முதல் வரியாக, பெரிய எழுத்தில் இதைப் போடு: 'இது யாருக்கும் ஒட்டாது. குழந்தையைத் தூக்கலாம்.' இடம் போதவில்லை என்று யாராவது சொன்னால் மருத்துவமனையின் படத்தை எடுத்துவிடச் சொல்.

இன்னொன்றும் நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போட காமாட்சியும் தேசம்மாளும் எங்கள் மருத்துவமனைக்கே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் தேசம்மாள் குழந்தையின் சட்டையைத் தூக்கிக் கயிற்றைக் காட்டினாள். நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது, முடிச்சு அப்படியே இருந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாரு, நீ ஒர்த்தன்தான் அப்பவே கிருமி இல்ல இல்லன்னு சொல்லிகினு இருந்த. எனுக்கு ராவுல தூக்கமே இல்ல. எங்க ஊட்டுக்காரு அந்தப் புள்ளைய ஒரு வாட்டிகூடத் தொடாத பூட்டாரு. நீ மெய்ய சொல்லு. மெய்யாலுமே அவரு ஒடம்புல கிருமி இருந்துச்சா, இல்லியா?"

காமாட்சியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை என் சட்டைப் பேனாவை எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

"இருந்துச்சும்மா," என்றேன். "நல்லவேளை, கயித்த வேவவச்சோம்."

தேசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் திரும்பினாள். "பாத்தியா, உங்க நைனா சொன்னதுதான் கரெக்டு" என்று சொல்லிவிட்டு, சட்டையை இறக்கிக் கயிற்றை மூடினாள்.